பீப் சைட்

ரைஃபிளின் பின்பக்கத்தில், சுடுபவரின் கண்ணுக்கு அருகே பொருத்தப்படும் சிறு துளையுள்ள குறிபார்க்கும் கருவி பீப் சைட். தமிழில் துளைநோக்கி என்று சொல்லலாம். ஆனால் இந்தியச் சுடுதளங்களில் 'பீப்' என்றால்தான் புரியும். போட்டி ரைஃபிள்களில் அது முதலிலேயே இருக்கும். வேட்டை ரைஃபிள்களிலும் பழைய ராணுவ ரைஃபிள்களிலும் பெரும்பாலும் பிறகு வாங்கிப் பூட்டுகிறார்கள். வாங்குவது எளிது. பூட்டியபின் அது அசையாமல் நிற்கிறதா, திருகிய அளவுக்குச் சரியாக நகர்கிறதா என்று உறுதி செய்வதில்தான் வேலை இருக்கிறது.

சாதாரண 'ஓப்பன் சைட்' குழலின் மேல் நிற்கும் 'வி' அல்லது 'யு' வடிவ வெட்டு. அந்த வெட்டு, குழல் முனையிலுள்ள முன் சைட், இலக்கு என மூன்று தூரங்களில் உள்ளவற்றைக் கண் ஒரே சமயத்தில் தெளிவாகப் பார்க்க வேண்டும். எந்தக் கண்ணாலும் அது முடியாது. வெள்ளெழுத்து வந்தவர்களுக்குப் பின் வெட்டு வெறும் மங்கல். பீப் சைட்டில் துளையைப் பார்ப்பதில்லை. துளை வழியாகப் பார்க்கிறோம். மங்கலான வட்டத்தின் நடுவில் முன் சைட்டைக் கண் தானாகவே கொண்டுவந்து நிறுத்திவிடும். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, விரல்களைக் குவித்து ஒரு பொட்டுத் துளை வழியே நாளிதழைப் பார்த்தால் எழுத்து தெளிகிறதல்லவா, அதே ஒளியியல்தான் முன் சைட்டையும் இலக்கையும் ஒருசேரத் தெளிவாக்குகிறது. பின் சைட் கண்ணருகே வந்துவிடுவதால் இரண்டு சைட்டுகளுக்கும் இடையிலான தூரம் கூடுகிறது. குறி பிசகினால் அது கண்ணுக்குச் சட்டென்று தெரியும்.

அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்து வில்லியம் லைமன் 1879-இல் காப்புரிமை பெற்ற மடக்கு சைட், வேட்டைக்காரர்களிடையே இதைப் பரப்பியது. ராணுவங்கள் தயங்கித் தயங்கியே வந்தன. முதல் உலகப்போர்க் காலத்து பிரிட்டிஷ் பி-14 ரைஃபிளில் பீப் இருந்தது. இஷாப்பூர் தொழிற்சாலை செய்த .303 லீ-என்ஃபீல்டு நம்பர் 1 ரைஃபிளிலோ கடைசிவரை 'யு' வெட்டுதான். பிரிட்டனின் சுடுசங்கங்களில் அத்தகைய ரைஃபிள்களுக்குப் பார்க்கர்-ஹேல் நிறுவனத்தின் பீப் சைட்டை வாங்கிப் பூட்டிக்கொள்வது நெடுநாள் வழக்கமாக இருந்தது.

பொருத்தும் முறைக்கு அமெரிக்காவின் மார்லின் 336 நல்ல எடுத்துக்காட்டு. குழலின் பின்முனை பூட்டப்பட்டிருக்கும் உலோக உடலை ரிசீவர் என்பார்கள். இந்த ரைஃபிளின் ரிசீவரில் திருகுத்துளைகளைத் தொழிற்சாலையிலேயே இட்டிருக்கிறார்கள். லைமன், வில்லியம்ஸ் நிறுவன சைட்டுகள் அவற்றில் வந்து உட்காரும். துளை இல்லாத ரிசீவரில் புதிதாகத் துளையிடுவது துப்பாக்கிப் பணியாளரின் வேலை. அரை மில்லிமீட்டர் கோணினாலும் சைட் ஆயுள் முழுக்கச் சாய்ந்தே நிற்கும். பழைய ரைஃபிளின் மதிப்பும் கெட்டுவிடும்.

எல்லாவற்றுக்கும் முன் தோட்டாக்களை எடுத்துவிட்டு, அறை காலியா என்று கண்ணாலும் விரலாலும் பார்க்க வேண்டும். துளைகளில் ஊறிய எண்ணெயைத் துடைத்தெடுக்காவிட்டால் திருகைப் பிடித்துவைக்கும் பசை ஒட்டாது. இந்தத் திருகுகள் அங்குலத்துக்கு 48 புரிகள் கொண்ட நுண்ணிய வகை. பலத்தைக் காட்டினால் மரை வழுகிவிடும். அதிகம் பேர் கோட்டைவிடும் இடம் அடுத்தது: திருகு நீளமாக இருந்தால் அதன் நுனி ரிசீவருக்குள் நீட்டிக்கொண்டு, உள்ளே ஓடும் போல்ட்டை உரசும். பூட்டியதும் போல்ட்டைப் பலமுறை இயக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். பழைய பின் சைட் பார்வையை மறைத்தால், பித்தளைத் துண்டு வைத்து இடமிருந்து வலமாகத் தட்டிக் கழற்றி, காலிப் பள்ளத்தில் ஒரு மூடியைச் செருகுவது வழக்கம். இரும்புத் துண்டு வைத்துத் தட்டினால் வடு விழும்.

புதிய சைட் பழையதைவிட உயரமாக நிற்கும். அதனால், திருகை அடிமட்டம் வரை இறக்கியும் குண்டு இலக்குக்கு மேலேயே போகிறது என்ற புலம்பல் அடிக்கடி கேட்கும். குறை புதிய சைட்டில் இல்லை, குட்டையான முன் சைட்டில். எவ்வளவு உயர்த்துவது என்பதற்கு எளிய கணக்கு உண்டு: குண்டு தவறிய அளவை இரு சைட்டுகளுக்கு இடையிலான தூரத்தால் பெருக்கி, இலக்கின் தூரத்தால் வகுக்க வேண்டும். 50 மீட்டரில் 10 செ.மீ. மேலே போகிறது, சைட்டுகளுக்கு இடையே 650 மி.மீ. என்றால் விடை 1.3 மி.மீ. அந்த அளவுக்கு உயரமான முன் சைட்டை வாங்கி மாட்டினால் தீர்ந்தது.

துளையின் அளவிலும் ஆசை கண்ணை மறைக்கும். சிறிய துளை கூர்மை தரும், வெளிச்சத்தைத் தின்னும். போட்டிக்கு ஒரு மில்லிமீட்டரும் சொச்சமும் போதும். விடியற்காலைக் காட்டில் அதே துளை வழியே இருட்டுதான் தெரியும். வேட்டைக்காரர்கள் சிறு துளையுள்ள உள்வட்டைக் கழற்றிவிட்டுப் பெரிய வளையத்தை மட்டும் வைத்துக்கொள்வார்கள். துல்லியம் போய்விடும் என்று முதலில் அஞ்சுபவர்கள்கூட ஒரு மாலை சுட்டுப் பார்த்தபின் வட்டைத் தேடுவதில்லை.

சோதனையை 25 மீட்டர் போன்ற கிட்டத்துத் தூரத்தில், மணல்மூட்டையில் ரைஃபிளைத் தாங்கவைத்துத் தொடங்க வேண்டும். பின்னால் குண்டைத் தாங்கும் மண்மேடு இருப்பது கட்டாயம். ஒற்றைக் குண்டை நம்பித் திருகைத் தொடக்கூடாது. மூன்றோ ஐந்தோ சுட்டு, அவை விழுந்த கூட்டத்தின் நடுவைப் பார்க்க வேண்டும். குண்டு எந்தப் பக்கம் போக வேண்டுமோ பின் சைட்டை அந்தப் பக்கம் நகர்த்த வேண்டும். முன் சைட்டுக்கு இது தலைகீழ். நகர்வை 'மினிட்' என்ற கோண அளவில் சொல்வார்கள். ஒரு பாகையில் அறுபதில் ஒன்று. 100 மீட்டரில் அது ஏறக்குறைய 29 மி.மீ.

அடுத்தது சதுரச் சோதனை. ஒரு கூட்டம் சுட்டபின் குறிப்பிட்ட அளவு மேலே, அதே அளவு வலப்புறம், பிறகு கீழே, கடைசியாக இடப்புறம் என்று நகர்த்தி ஒவ்வொரு மூலையிலும் சுட வேண்டும். எப்போதும் குறி பார்ப்பது ஒரே புள்ளியைத்தான். கடைசிக் கூட்டம் முதல் கூட்டத்தின் மேலேயே விழுந்தால் திருகு நேர்மையானது. மலிவான சைட்டுகள் பல இங்கேதான் தோற்கின்றன: திருகு சுற்றும், சைட் நகராது, அடுத்த அதிர்வில் தானாகக் குதிக்கும். சிறு தளர்ச்சிதான் என்றால், எப்போதும் ஒரே திசையில் திருகி முடிப்பது ஓரளவு உதவும். ஸ்பிரிங் ஏர் ரைஃபிள் முன்னும் பின்னும் உதறுவதால், பூட்டு இறுகியிருந்தும் சைட் தான் பூட்டப்பட்ட தண்டவாளத்தில் மெல்ல வழுக்கும். அதைத் தடுக்க ஒரு முளை தேவை. திருகின் தலையிலிருந்து உடலுக்கு நகப்பூச்சால் ஒரு கோடு இழுத்துவைத்தால், எது அசைந்தது என்பது பார்த்ததுமே தெரியும்.

இந்தியாவின் ஏர் ரைஃபிள் போட்டிகளில் 'ஓப்பன் சைட்', 'பீப் சைட்' எனத் தனித்தனிப் பிரிவுகள் உண்டு. ஒலிம்பிக்கில் இருப்பது இரண்டாவது வகை. அங்கே 10 மீட்டர் தொலைவிலுள்ள பத்துப் புள்ளிப் பொட்டின் விட்டம் அரை மில்லிமீட்டர். 2008 பெய்ஜிங் இறுதிச்சுற்றுக்கு முன் இந்திய வீரர் அபினவ் பிந்த்ரா சுட்ட சோதனைக் குண்டு நான்கு புள்ளி வட்டத்தில் போய் விழுந்தது. சைட் இடம் மாறியிருந்ததாகவும், யாரோ அதைத் தொட்டிருக்க வேண்டுமென்றும் அவர் பின்னர் சொன்னார். சோதனைக்கான சில நிமிடங்களுக்குள் சைட்டைத் திருகிச் சரிசெய்தார். கடைசிக் குண்டில் 10.8 எடுத்து, 700.5 புள்ளிகளுடன் தங்கம் வென்றார்.