கட்டணம் பேசாத படங்கள்: ஆஸ்ட்ரிட் கிர்ச்ஹெரும் பீட்டில்ஸ் குழுவும்

1960ஆம் ஆண்டு ஜெர்மனியின் ஹாம்பர்க் நகர இரவு விடுதிகளில் வாசித்துவந்த பீட்டில்ஸ் இசைக்குழு அப்போது புகழ்பெற்றிருக்கவில்லை. அந்நகரைச் சேர்ந்த இளம் புகைப்படக் கலைஞர் ஆஸ்ட்ரிட் கிர்ச்ஹெர் அவர்களுடன் நட்புக்கொண்டார். குழுவின் பேஸ் கிட்டார் கலைஞர் ஸ்டூவர்ட் சட்கிளிஃபுடன் அவருக்குத் திருமணமும் நிச்சயமாயிற்று. பொருட்காட்சித் திடலில் வண்டிகளுக்கிடையே அவர்களை நிறுத்தி எடுத்த படங்கள், முகத்தின் பாதி மட்டும் ஒளியில் தெரியும் படங்கள் எல்லாம் நண்பர்களுக்காக எடுத்தவை. கட்டணம் என்ற பேச்சே எழவில்லை.

1963இல் 'வித் த பீட்டில்ஸ்' இசைத்தட்டின் உறைக்குப் படம் தேவைப்பட்டது. குழுவினர் ஹாம்பர்க் படங்களை ஆங்கிலேயக் கலைஞர் ராபர்ட் ஃப்ரீமனிடம் காட்டி, அதே பாணியில் கேட்டனர். போர்ன்மத் நகர விடுதியொன்றில் சன்னல் வெளிச்சத்திலேயே அவர் எடுத்து முடித்தார். இசைத்தட்டு நிறுவனம் முதலில் தர முன்வந்தது 25 பவுண்டு; ஃப்ரீமன் பெற்றது 75 பவுண்டு. அடுத்தடுத்து மேலும் நான்கு இசைத்தட்டுகளின் உறைப்படங்களும் அவருக்கே வந்தன.

ஒளியமைப்புப் பாணிக்குப் பதிப்புரிமை கிடையாது. எடுத்த படத்துக்கு உண்டு. கிர்ச்ஹெர் இழந்தது அதைத்தான். குழு உலகப் புகழ் பெற்றபின் அவருடைய படங்கள் அனுமதியின்றி எங்கெங்கோ அச்சாயின. நெகட்டிவ்களைப் பேணி வைக்காததால் அவை தம்முடையவை என மெய்ப்பிப்பதே கடினமாயிற்று. தமக்கு வணிகம் கைவராது என்பதை அவரே ஒப்புக்கொண்டார். பிற்காலத்தில் அவருடைய தொழில் கூட்டாளி உல்ஃப் க்ரூகர் பல நெகட்டிவ்களைத் தேடிப்பிடித்து உரிமையை நிலைநாட்டினார். அதற்குள் கைவிட்டுப்போன தொகை 5 லட்சம் பவுண்டு என்பது க்ரூகரின் கணிப்பு.

1960களின் பிற்பகுதியில் கிர்ச்ஹெர் தொழில்முறையில் படமெடுப்பதை நிறுத்திக்கொண்டார். பத்திரிகைகள் அவரிடம் கேட்டதெல்லாம் பீட்டில்ஸ் படங்களை மட்டுமே.