வரிகளே இல்லாத இளையராஜா: 'ஹவ் டு நேம் இட்?' தொகுப்பை எப்படிக் கேட்பது?

இளையராஜாவின் சிம்பொனி 2025 மார்ச் மாதம் லண்டனில் அரங்கேறிய செய்தி உங்கள் கைத்தொலைபேசிக்கும் வந்திருக்கும்.

ஆனால் மேற்கத்திய இசையோடு அவர் பேச ஆரம்பித்தது நேற்று இல்லை. 1986-லேயே 'ஹவ் டு நேம் இட்?' என்ற இசைத்தொகுப்பை வெளியிட்டார். படம் இல்லை, பாடகர் இல்லை, வரிகளும் இல்லை.

"அப்போ எதைத்தான் கேட்கிறது?" என்கிறீர்களா?

யாருக்குச் சமர்ப்பணம்?

இருவருக்கு. ஒருவர் திருவையாற்றில் வாழ்ந்த தியாகராஜர் (1767-1847). மற்றவர் ஜெர்மானிய இசைமேதை பாக் (1685-1750). பாக் மறைந்த பிறகே தியாகராஜர் பிறந்தார். இந்தத் தொகுப்பில் இருவரும் சந்திக்கிறார்கள்.

அதில் என்ன கஷ்டம்?

கர்நாடக இசையில் மெட்டு ஒன்றுதான். அதன் ஸ்வரங்கள் அசையும், வழுக்கும். அதுதான் கமகம். பாக்கின் இசையிலோ பல மெட்டுகள் ஒரே நேரத்தில் ஓடும். அவை ஒன்றோடொன்று பொருந்த ஸ்வரங்கள் நிலையாக நிற்கணும்.

ஒன்று அசையணும், இன்னொன்று நிற்கணும். சும்மா கலந்தால் இரண்டுமே கெட்டுப்போகும்.

இளையராஜா இரண்டையும் முறையாகக் கற்றவர். மேற்கத்திய இசையைத் தன்ராஜ் மாஸ்டரிடமும், கர்நாடக இசையை டி.வி. கோபாலகிருஷ்ணனிடமும் பயின்றார்.

எங்கே தொடங்கலாம்?

- 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்': தனி வயலினுக்காக பாக் எழுதிய விறுவிறுப்பான இசை இதில் வருகிறது. வயலின் வாசித்தவர் வி.எஸ். நரசிம்மன். முதல் தடவை பாக்கின் வேகமான ஓட்டத்தை மட்டும் பின்தொடருங்கள். அடுத்த தடவை, அதோடு சேரும் நம்மூர் வயலினைத் தேடுங்கள்.

- 'மேட் மாட் மூட் ஃபியூக்': ஃபியூக் என்பது துரத்திப் பிடிக்கும் விளையாட்டு மாதிரி. ஒரு குரல் சிறு மெட்டைத் தொடங்கும். அதே மெட்டோடு இன்னொன்று பின்னால் வரும். எத்தனை குரல்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

- பிறகு 'வீடு' (1988) படம் பாருங்கள். பாலு மகேந்திரா இயக்கிய அந்தப் படத்தில் பாடலே கிடையாது. பின்னணியில் ஒலிப்பது இந்தத் தொகுப்பின் இசை. எந்தக் காட்சிக்காகவும் எழுதாத இசை அங்கே எப்படி உட்காருகிறது என்று கவனியுங்கள்.

நமக்கென்ன?

வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் ஒரு மொழி என்று வளர்ந்தவர்கள் நாம். "நீ எந்தப் பக்கம்?" என்ற கேள்வி நமக்குப் பழக்கம். இந்தத் தொகுப்பு பக்கம் எடுக்கவில்லை. இரண்டிலும் பாதி பாதி தெரிந்துகொண்டு கலக்கவும் இல்லை. இரண்டையும் முழுசாகக் கற்ற பிறகுதான் சேர்த்தது.

இதில் ஓர் இசைக்குப் பெயரே 'டோன்ட் கம்பேர்'. ஒப்பிடாமல், வேறு வேலை எதுவும் பார்க்காமல், ஒரு தடவை கேட்டுத்தான் பாருங்களேன்.