நாற்பதுக்கு மேல ஒரு டிரையத்லான்

நம்ம ஊரிகத்துக்குப் பக்கத்து சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். 2001-ல் மூடும் வரைக்கும் அங்கே வேலைக்குப் போனவர்களுக்கு ஒரே கணக்குதான்: இறங்கினால் போதாது, ஏறி வீடு வந்து சேரணும்.

1978-ல் ஹவாயில் முதல் அயர்ன்மேன் நடந்தது. 3.8 கி.மீ. நீச்சல், 180 கி.மீ. சைக்கிள், 42.2 கி.மீ. ஓட்டம். 15 பேர் கிளம்பி, 12 பேர் முடித்தார்கள். ஜெயித்தவருக்கு 11 மணி 46 நிமிடம். போட்டியை ஏற்பாடு செய்த ஜான் காலின்ஸுக்கு 17 மணி நேரம். 2015-ல் சூரிச்சில் நம்ம மிலிந்த் சோமன் 49 வயதில் 15 மணி 19 நிமிடத்தில் முடித்தார்.

ஆக, நம்ம வயசுக்கு முடிக்க வைக்கிற திட்டமே போதும் மக்களே. வேலை, பிள்ளைகள் போக வாரத்துக்கு எத்தனை மணி மிச்சம்னு வீட்டில் சேர்ந்து உட்கார்ந்து எழுதுங்க. அதுக்கு மேல கேட்கிற திட்டம், சம்பளத்தை மீறின கடன். முதலில் பாதி தூரப் போட்டி. ஓய்வு நாளும் பயிற்சிதான்.