குண்டு எவ்வளவு வேகமாகப் போனால் குறி தப்பாது?

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே 50 மீட்டர் ரைபிள் போட்டியில் வெண்கலம் வென்றது நினைவிருக்கும். அந்தப் போட்டிக்கென்று தயாராகும் சிறிய தோட்டாக்களைப் பற்றி ஒரு செய்தி சொல்கிறேன். அவற்றிலிருந்து கிளம்பும் குண்டு வினாடிக்கு ஏறக்குறைய 1,070 அடி வேகத்தில்தான் போகிறது. காற்றில் ஒலியின் வேகம் வினாடிக்குச் சுமார் 1,120 அடி. அதாவது குண்டு ஒலியைவிட மெதுவாகப் போகிறது! அதே அளவில் 1,250 அடி வேகம் தரும் தோட்டாவும் கடையில் கிடைக்கிறது. போட்டியாளர்கள் அதைத் தொடுவதில்லை.

வேகம் கூடினால் குறி நன்றாக அமையும் என்றுதானே நாம் நினைப்போம்? மனிதர்கள் நெடுநாள் அப்படித்தான் நினைத்தார்கள். அது முழு உண்மை அல்ல என்று கண்டுகொள்ள இருநூறு ஆண்டுகள் ஆயின. அந்த வரலாற்றைத்தான் எழுத வந்தேன்.

முதலில் ஒரு சொல் விளக்கம். தோட்டா என்பது பித்தளைக் கூடு, மருந்து, குண்டு எல்லாம் சேர்ந்த முழு உருப்படி. குழலை விட்டுப் பறந்து போவது குண்டு மட்டுமே. நாம் பேசப்போவது அந்தக் குண்டின் வேகத்தைப் பற்றி.

*வேகத்தை முதலில் அளந்தவர்*

கண்ணுக்கே தெரியாமல் பறக்கும் குண்டின் வேகத்தை எப்படி அளப்பது? கடிகாரத்தில் வினாடியைப் பிரித்துப் பார்க்க வழியில்லாத காலம் அது. இங்கிலாந்தில் பாத் நகரில் 1707-இல் பிறந்த பெஞ்சமின் ராபின்ஸ் இதற்கு வழி கண்டார். போரையே ஏற்காத குவேக்கர் கிறிஸ்தவக் குடும்பத்துப் பிள்ளை அவர். அவர்தான் பீரங்கிக் கணிதத்தின் தந்தை ஆனார் என்பது வரலாற்றின் விசித்திரம்.

அவர் செய்தது இதுதான். ஒரு கனமான மரப்பலகையை ஊஞ்சல் போலத் தொங்கவிட்டார். அதில் குண்டைச் சுட்டார். குண்டு மரத்தில் புதைந்ததும் பலகை பின்னோக்கி ஆடும். எவ்வளவு தூரம் ஆடியது என்பதைப் பலகையோடு இழுபடும் ஒரு நாடா காட்டும். பலகையின் எடை தெரியும், குண்டின் எடையும் தெரியும். பிறகு கணக்குப் போட்டால் வேகம் வந்துவிடும். உந்தம் மாறாது என்று பள்ளிப் பாடத்தில் படித்தோமே, அதே விதிதான்.

1742-இல் வந்த அவருடைய நூல் ஐரோப்பாவையே திரும்பிப் பார்க்க வைத்தது. மாபெரும் கணித மேதை ஆய்லர் 1745-இல் அதை ஜெர்மனில் மொழிபெயர்த்து, விரிவான விளக்கமும் எழுதினார்.

ராபின்ஸ் கண்டது என்ன? அந்தக்கால மஸ்கட் துப்பாக்கியின் ஈயக்குண்டு வினாடிக்கு 1,600 முதல் 1,700 அடி வேகத்தில் கிளம்பியது. அதைவிட ஆச்சரியம், காற்று அதைத் தடுத்த விதம். அதுவரை துப்பாக்கிக் கணக்குப் போட்டவர்களில் பலர், காற்றின் தடை அற்பம் என்று விட்டுவிட்டார்கள். அளந்து பார்த்தால் அந்தத் தடை, குண்டின் எடையைப் போல் நூறு மடங்குக்கும் மேல்! இன்னொன்றும் கண்டார். ஒலியின் வேகத்தை நெருங்கித் தாண்டும் இடத்தில் காற்றின் தடை திடீரென்று பல மடங்காக ஏறுகிறது. இருநூறு ஆண்டுகள் கழித்து விமானிகள் மோதிய அதே சுவரைத்தான் அவர் மரப்பலகையை வைத்துக்கொண்டு தொட்டுப் பார்த்தார்.

குழலுக்குள் திருகுப் பள்ளம் வெட்டி, குண்டைச் சுழலவிட்டுச் சுடுவதன் மேன்மையைப் பற்றி 1747-இல் அவர் கட்டுரை வாசித்தார். அந்தத் துப்பாக்கியை முதலில் முழுமையாக்கும் நாடு, போரில் பெரும் பலம் பெறும் என்பது அவர் கருத்து. திருகுப் பள்ளம் உள்ள துப்பாக்கிதான் ரைபிள்.

*சமமான மருந்து, சமமான எடை*

நூறு ஆண்டுகள் கழித்து அந்த வேலையைக் கையில் எடுத்தவர் மான்செஸ்டர் பொறியாளர் ஜோசப் விட்வொர்த். திருகாணிகளுக்கு ஒரே அளவு முறை கொண்டுவந்தவர் இவர்தான். 1854-இல் பிரிட்டிஷ் அரசு அவரிடம், என்ஃபீல்டு துப்பாக்கி செய்யும் எந்திரங்களை வடிவமைக்கச் சொன்னது. நல்ல குழல் எப்படி இருக்க வேண்டும் என்று முதலில் தெரியட்டும், பிறகு எந்திரம் செய்யலாம் என்றார் அவர். தம் வீட்டு நிலத்தில் 500 கஜ நீளத்துக்கு ஒரு கூடம் கட்டி, நடுநடுவே மெல்லிய தாள் திரைகளைத் தொங்கவிட்டு, குண்டு போகும் பாதையைத் துளை துளையாகப் பார்த்தார்.

என்ஃபீல்டின் குழல் 0.577 அங்குல விட்டம். அதன் பள்ளம் 78 அங்குலத்துக்கு ஒரு முறை சுற்றும். விட்வொர்த் குழலை 0.451 அங்குலமாக ஒடுக்கி, அறுகோணமாக்கி, 20 அங்குலத்துக்கு ஒரு சுற்று வைத்தார். குண்டின் எடை இரண்டிலும் சுமார் 34 கிராம்தான். ஆனால் விட்வொர்த்தின் குண்டு ஒல்லியாக, நீளமாக இருந்தது.

1857-இல் இரண்டையும் சோதித்தார்கள். மருந்தும் ஏறக்குறைய சமம், எடையும் சமம். ஆகவே கிளம்பும் வேகத்தில் பெரிய வேறுபாடு இருக்க முடியாது. ஆனால் 500 கஜத்தில் என்ஃபீல்டின் குண்டுகள் சராசரியாக 2 அடிக்கும் மேல் விலகின. விட்வொர்த்தின் குண்டுகள் அரை அடிக்கும் குறைவாகவே விலகின. 1,400 கஜத்தில் என்ஃபீல்டால் இலக்கைத் தொடவே முடியவில்லை.

வேகத்தைக் கூட்டாமலேயே இவ்வளவு முன்னேற்றம்! நீளமான குண்டு காற்றைக் கிழித்துக்கொண்டு போகும்; வேகமான சுழற்சி அதைப் பம்பரம் போல நேராக நிறுத்தும். 1860 ஜூலை 2 அன்று விம்பிள்டனில் தேசிய ரைபிள் சங்கத்தின் முதல் போட்டியைத் தொடங்கி வைத்த விக்டோரியா அரசி, தாங்கியில் பொருத்திய விட்வொர்த் ரைபிளால்தான் சுட்டார். 400 கஜத்தில் நட்டநடுவுக்குச் சுமார் ஒன்றேகால் அங்குலத்தில் குண்டு பட்டது.

*ஆயிரம் கஜத்தில் மூன்றே புள்ளி*

அடுத்த காட்சி அமெரிக்காவில். 1874 செப்டம்பர் 26, நியூயார்க் அருகே க்ரீட்மூர் மைதானம். முந்தைய ஆண்டு எல்கோ கேடயம் வென்றிருந்த அயர்லாந்து அணி அமெரிக்கர்களைப் போட்டிக்கு அழைத்திருந்தது. அணிக்கு 6 பேர். 800, 900, 1,000 கஜம். ஆயிரம் கஜம் என்றால் 914 மீட்டர்.

அயர்லாந்துக்காரர்கள் வாய்வழி மருந்து கெட்டிக்கும் ரிக்பி ரைபிள்களோடு வந்தார்கள். அமெரிக்கர்களிடம் பின்புறம் தோட்டா போடும் ரெமிங்டன், ஷார்ப்ஸ் ரைபிள்கள். இரு பக்கமும் கரிமருந்துதான். வேகம் சுமார் 1,300 அடி. இன்றைய கணக்கில் இது மிகக் குறைவு. குண்டு ஆயிரம் கஜம் போய்ச்சேரவே ஏறத்தாழ 3 வினாடி. பாதி வழிக்கு முன்பே ஒலியின் வேகத்துக்குக் கீழே இறங்கிவிடும்.

இருந்தும் அடித்தார்கள். அமெரிக்கா 934, அயர்லாந்து 931! அயர்லாந்து வீரர் ஒருவர் தவறான இலக்கில் நடுவட்டத்தை அடித்து 4 புள்ளியை இழந்திருக்காவிட்டால் முடிவே மாறியிருக்கும்.

இவ்வளவு மெதுவான குண்டால் அது எப்படி முடிந்தது? அந்தக்காலத்துத் தூரக் குறிகாரர்கள் மருந்தைத் தராசில் நிறுத்து வைத்துக்கொள்வார்கள். குண்டுகளை ஒன்றுபோல வார்ப்பார்கள். குழலில் கரி படிந்தால் துடைப்பார்கள். முதல் குண்டுக்கு என்ன வேகமோ, பதினைந்தாம் குண்டுக்கும் அதே வேகம் வேண்டும். குண்டு எவ்வளவு கீழே விழும் என்பது தெரிந்துவிட்டால் துப்பாக்கியை அதற்கேற்ப உயர்த்திக்கொள்ளலாம். ஒவ்வொரு முறையும் வேறுவேறு அளவு விழுந்தால் எவராலும் ஒன்றும் செய்ய முடியாது.

இன்றைய ரைபிளுக்கும் இது பொருந்தும். வினாடிக்கு 2,600 அடி வேகத்தில் கிளம்பும் குண்டில் வெறும் 10 அடி கூடினாலோ குறைந்தாலோ, ஆயிரம் கஜத்தில் சுமார் 3 அங்குலம் மேலே கீழே போகும். 40 அடி மாறினால் ஓர் அடி போய்விடும்.

*வேகத்தின் மயக்கம்*

1884-இல் பிரான்சின் போல் வியேல் புகையில்லா மருந்தைக் கண்டுபிடித்தார். 1886-இல் வந்த லெபெல் ரைபிளில் வேகம் 2,000 அடியானது. பிறகு எல்லா நாடுகளும் வேகத்தின் பின்னால் ஓடின. ஜெர்மனி குண்டை இலேசாக்கிக் கூர்மையாக்கியது. அமெரிக்கா 14 கிராம் குண்டை விட்டு, 1906-இல் 9.7 கிராம் குண்டுக்கு மாறியது. வேகம் 2,300-இலிருந்து 2,700 அடியானது.

வியாபாரமும் சேர்ந்துகொண்டது. 1915-இல் சாவேஜ் நிறுவனம் ஒரு வேட்டைத் தோட்டா வெளியிட்டது. அதை வடிவமைத்த சார்லஸ் நியூட்டன் 6.5 கிராம் குண்டு போடச் சொன்னார். நிறுவனத்துக்கோ விளம்பரத்தில் 3,000 என்ற எண் வேண்டும். குண்டை 5.6 கிராமாகக் குறைத்தார்கள். எண் வந்தது, பெயரிலேயே சேர்த்துக்கொண்டார்கள்.

இராணுவத்தில் இதற்கு விலை அதிகம். 1906 குண்டு 4,700 கஜம் வரை போகும் என்று அமெரிக்க அட்டவணைகளில் எழுதி வைத்திருந்தார்கள். முதல் உலகப்போரில் பிரான்சில், முன்னேறும் தம் படையின் தலைக்கு மேலாக இயந்திரத் துப்பாக்கியால் சுட வேண்டியிருந்தது. அட்டவணை சொன்ன தூரத்தைக் குண்டுகள் எட்டவில்லை. போர் முடிந்து புளோரிடாவின் டேட்டோனா கடற்கரையில் அளந்து பார்த்தபோது உண்மை தெரிந்தது. குண்டு சுமார் 3,400 கஜம்தான் போனது. கணக்கில் இருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட கஜம் காகிதத்தில் மட்டுமே இருந்தது. அதை நம்பி நடந்தவர்கள் சிப்பாய்கள்.

இதற்கு மருந்து சுவிட்சர்லாந்தில் ஏற்கெனவே இருந்தது. அவர்கள் 1911-லேயே 11.3 கிராம் எடையில், படகின் பின்புறம் போல ஒடுங்கிய குண்டை 2,560 அடி வேகத்தில் விட்டார்கள். அமெரிக்கர்களும் 1920-களில் அதே வழிக்கு வந்தார்கள். எடை 11 கிராமுக்கு ஏறியது. வேகம் சுமார் 2,640 அடிக்கு இறங்கியது. குண்டு போன தூரமோ ஏறக்குறைய 5,500 கஜம்! வேகத்தைக் குறைத்ததும் தூரம் கூடியது. எந்த அளவுக்கு என்றால், உள்ளூர்ப் பயிற்சி மைதானங்களின் பாதுகாப்பு எல்லை போதாமல், 1930-களின் கடைசியில் மறுபடி இலேசான குண்டுக்கே திரும்பினார்கள்.

*அப்படியானால் எந்த வேகம்?*

மூன்று கேள்விகள் கேட்டால் போதும்.

ஒன்று, இலக்கைத் தொடும்வரை குண்டு ஒலியின் வேகத்துக்கு மேலேயே இருக்குமா? ராபின்ஸ் தொட்ட அந்தச் சுவரை நடுவழியில் கடந்தால் குண்டு தடுமாறக்கூடும். அதனால்தான் ஆயிரம் கஜத்துக்கு நீளமான குண்டும் போதிய வேகமும் தேடுகிறார்கள்.

இரண்டு, பக்கக்காற்று எவ்வளவு தள்ளும்? பறக்கும் நேரம் முழுவதும் இதற்குக் கணக்கல்ல. காற்றே இல்லாத வெளியில் ஆகும் நேரத்தைவிட எவ்வளவு தாமதம் ஆகிறதோ, அதுதான் கணக்கு. ஒலியைச் சற்றே தாண்டிக் கிளம்பும் சிறு குண்டு, தடைச்சுவரில் மோதி அதிகம் தாமதிக்கும். ஒலிக்குக் கீழே கிளம்புவது குறைவாகவே தாமதிக்கும். தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு விடை இதுதான்.

மூன்று, எந்த வேகத்தில் குண்டுக்குக் குண்டு வேறுபாடு மிகக் குறைவு? இன்றும் போட்டியாளர்கள் மருந்தைச் சிறிது சிறிதாகக் கூட்டிச் சுட்டு, ஒவ்வொன்றையும் அளந்து பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். பெரும்பாலும் அது உச்ச வேகமாக இருப்பதில்லை.

2007-இல் வந்து இன்று தூரப்போட்டிகளில் பெயர் பெற்ற ஒரு தோட்டாவுக்கு க்ரீட்மூர் என்றே பெயர். 9 கிராம் நீளக்குண்டு, வேகம் சுமார் 2,700 அடி. நூறாண்டுக்கு முந்தைய 1906 குண்டின் அதே வேகம்தான். மாறியது குண்டின் வடிவம்.

கடைசியாக ஒரு செய்தி. பெஞ்சமின் ராபின்ஸ் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமைப் பொறியாளராகி, கோட்டைகளைச் செப்பனிட 1750-இல் நம் கரைக்கு வந்தார். மறு ஆண்டு, 1751 ஜூலை 29 அன்று, காய்ச்சல் கண்டு 44 வயதில் இறந்தார். இறந்த இடம் கடலூர் தேவனாம்பட்டினத்தில் உள்ள செயின்ட் டேவிட் கோட்டை. கடலூர் நண்பர்கள் அடுத்த முறை கடற்கரைக்குப் போகும்போது பிள்ளைகளிடம் சொல்லுங்கள், பறக்கும் குண்டை மரப்பலகையில் நிறுத்தி அளந்த மனிதர் இங்கேதான் இறந்தார் என்று.

ஐயம் இருந்தால் கேளுங்கள், தெரிந்தவரை சொல்கிறேன்.