மாம்போவும் ஜூம்லாவும்: பெயரை விட்டுச் சென்ற மென்பொருள்

வலைத்தளத்தில் ஒரு கட்டுரையைச் சேர்க்கவோ, படத்தை மாற்றவோ, பழைய அறிவிப்பை நீக்கவோ ஒவ்வொரு முறையும் நிரலாளரைத் தேடிப் போகாமல், தளத்தை நடத்துபவரே உலாவி வழியாக அவற்றைச் செய்துகொள்ள உதவும் மென்பொருள் உள்ளடக்க மேலாண்மை அமைப்பு எனப்படும். இன்று இந்த வகையில் முதலில் நினைவுக்கு வருவது வேர்ட்பிரஸ். இருபது ஆண்டுகளுக்கு முன் பலர் மாம்போ என்றே சொல்லியிருப்பார்கள். பிரிட்டனிலிருந்து வெளிவந்த லினக்ஸ் ஃபார்மட் இதழ் 2004-ஆம் ஆண்டின் சிறந்த கட்டற்ற மென்பொருள் திட்டமாக மாம்போவைத் தேர்ந்தெடுத்தது. மறு ஆண்டே அதை எழுதிவந்த மையக் குழுவினர் ஒட்டுமொத்தமாக வெளியேறினர். நிரல் அவர்களோடு சென்றது. பெயர் மட்டும் பழைய இடத்தில் நின்றுவிட்டது.

ஒரு மென்பொருளின் எதிர்காலம் எதில் தங்கியிருக்கிறது? நிரலிலா, பெயரிலா, எழுதுபவர்களிடமா, பயன்படுத்துபவர்களிடமா? இக்கேள்வியை எழுப்பும் நிகழ்வுகள் கணினி வரலாற்றில் பல உண்டு. அவற்றுள் மாம்போவின் கதை தெளிவானது. ஏனெனில் இந்த நான்கும் அங்கே ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்து, தனித்தனியே நின்றன.

தோற்றம்

ஆஸ்திரேலியாவின் மெல்போர்னைச் சேர்ந்த மீரோ என்னும் நிறுவனம் 2000-ஆம் ஆண்டில் மாம்போவை எழுதத் தொடங்கியது. பி.எச்.பி. மொழியில் எழுதப்பட்டு, மைசீக்குவெல் தரவுத்தளத்தில் உள்ளடக்கத்தைச் சேமிக்கும் அமைப்பு அது. குறைந்த கட்டணத்தில் கிடைத்த சாதாரண வழங்கிகளிலும் இவ்விரண்டும் இருந்தன. அதனால் சிறிய சங்கங்களும் பள்ளிகளும்கூட மாம்போவை நிறுவிக்கொள்ள முடிந்தது.

2001-இல் மீரோ நிறுவனம் மாம்போவை ஜி.பி.எல். உரிமத்தின் கீழ் சோர்ஸ்ஃபோர்ஜ் தளத்தில் வெளியிட்டது. இந்த உரிமத்தைச் சற்று விளக்க வேண்டும். பின்னால் நடந்தவை யாவும் இதில் அடங்கியுள்ளன. ஜி.பி.எல். உரிமத்தில் வெளியான நிரலை எவரும் படியெடுக்கலாம், மாற்றலாம், மாற்றியதை வெளியிடலாம். வெளியிடும்போது அதே உரிமத்தின் கீழ் வெளியிட வேண்டும். எழுதியவரின் பதிப்புரிமை அவரிடமே இருக்கும். ஆனால் ஒருமுறை கொடுத்த அனுமதியை, விதிகளை மீறாதவரிடமிருந்து அவர் திரும்பப் பெற முடியாது. உரிமம் நிரலை மட்டுமே தருகிறது. வணிகக்குறியாக இருக்கும் பெயரைத் தருவதில்லை. அந்தப் பெயரில் இயங்கும் வலைமுகவரியையும் தருவதில்லை.

அடுத்த இரண்டு ஆண்டுகளில் பணி மெல்லக் கைமாறியது. மீரோ தனக்கென ஒரு வணிகப் பதிப்பை வளர்த்துக்கொண்டது. திறந்த மூலப் பதிப்பு 'மாம்போ ஓப்பன் சோர்ஸ்' என்னும் பெயரில் பல நாடுகளைச் சேர்ந்த தன்னார்வலர்களின் பொறுப்புக்கு வந்தது. வேலை ஒருவரிடமும் பெயர் வேறொருவரிடமும் இருக்கும் நிலை இப்படித்தான் உருவானது. எல்லாம் நன்றாக நடந்தவரை இது எவரையும் உறுத்தவில்லை.

2005 ஆகஸ்ட்

உறுத்தத் தொடங்கியதற்கு ஒரு வழக்கு மிரட்டலும் காரணம். மாம்போவின் மைய நிரலில் உள்ள ஒரு சிறு பகுதி தமக்குச் சொந்தமானது என்று 2004-இல் வெளியார் ஒருவர் உரிமை கோரினார். நிரலின் சட்டப் பாதுகாப்புக்கு யார் பொறுப்பு என்பது அதுவரை முறையாக எழுதி வைக்கப்படவில்லை. இலவசமாக உழைத்துவந்த நிரலாளர்களுக்கும், மாம்போவை நம்பித் தொழில் செய்துவந்த சிறு நிறுவனங்களுக்கும் அப்போதுதான் இந்த வெற்றிடம் தெரிந்தது.

இதைச் சரிசெய்ய ஓர் அறக்கட்டளை தேவை என்பதில் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு இருக்கவில்லை. அதை யார், எப்படி அமைப்பது என்பதில்தான் பிளவு வந்தது. 2005 ஆகஸ்டில் மாம்போ அறக்கட்டளை நிறுவப்பட்டது. அது தங்களைக் கலந்துகொள்ளாமல் அமைக்கப்பட்டது என்றும், திட்டத்தின் போக்கைத் தீர்மானிப்பதில் தங்களுக்குக் குரல் இல்லை என்றும், பதிப்புரிமையை அறக்கட்டளைக்கு மாற்றுவதாகச் சொன்னது நடக்கவில்லை என்றும் நிரலாளர்கள் குற்றம் சாட்டினர். மாம்போவைத் தொடங்கியதும் முதலீடு செய்ததும் மீரோ. அதைப் பாதுகாக்கவே அறக்கட்டளை என்பது மறுதரப்பின் நிலைப்பாடு. இரண்டிலும் உண்மை இருக்கலாம். ஆனால் ஆண்டுக்கணக்கில் ஊதியமின்றி எழுதியவர்களிடம், எல்லாம் முடிந்தபின் செய்தியாகத் தெரிவிப்பது நல்ல வழியன்று.

ஆகஸ்ட் 17 அன்று மையக் குழுவினர் ஒரு திறந்த மடலை வெளியிட்டு விலகினர். ஆண்ட்ரூ எட்டி, பிரையன் டீமன் ஆகியோர் அவர்களுள் முன்னணியில் இருந்தனர். அமெரிக்காவில் உள்ள மென்பொருள் சுதந்திரச் சட்ட மையம் அவர்களுக்குச் சட்ட ஆலோசனை வழங்கியது. 'ஓப்பன் சோர்ஸ் மேட்டர்ஸ்' என்னும் இலாப நோக்கற்ற அமைப்பு உருவானது. நிரலை எடுத்துச் செல்ல அவர்களுக்கு எவருடைய அனுமதியும் தேவைப்படவில்லை. 2001-இல் மீரோ வழங்கிய ஜி.பி.எல். உரிமமே அந்த அனுமதி.

பெயர்தான் இல்லை. செப்டம்பர் 1 அன்று ஜூம்லா என்னும் புதிய பெயர் அறிவிக்கப்பட்டது. சுவாகிலி மொழியில் 'ஜும்லா' என்றால் எல்லாம் சேர்ந்து, மொத்தமாக என்று பொருள். வேர் அரபியிலிருந்து வந்தது. இந்தியிலும் உருதுவிலும் புழங்கும் 'ஜும்லா'வும் அதே வேரினது. அம்மாதத்திலேயே ஜூம்லா 1.0 வெளியானது. அது மாம்போ 4.5.2.3-தான், சில பிழைத்திருத்தங்களும் பாதுகாப்புத் திருத்தங்களும் கூடுதல், அட்டையில் வேறு பெயர். ஆகவே மாம்போ தளத்தை வைத்திருந்தவர் சிறிது உழைப்பில் ஜூம்லாவுக்கு மாறிவிட முடிந்தது. வார்ப்புருக்களும் நீட்சிகளும் பெரும்பாலும் அப்படியே வேலை செய்தன. கூட்டம் திரும்பிப் பாராமல் புதிய பெயரின் பின்னால் சென்றதற்கு இந்த எளிமையும் ஒரு காரணம்.

மாம்போ உடனே நின்றுவிடவில்லை. புதிய குழு ஒன்று அமைந்து சில பதிப்புகளை வெளியிட்டது. 2008-இல் அக்குழுவிலும் ஒரு பகுதியினர் பிரிந்து மியா என்னும் வேறொரு கிளையைத் தொடங்கினர். அவ்வாண்டில் வந்த 4.6.5-க்குப் பிறகு மாம்போவில் சொல்லத்தக்க முன்னேற்றம் இல்லை. மியாவும் நிலைக்கவில்லை.

1.5: தமிழுக்கு வந்த சிக்கல்

பிரிந்து வந்தவர்கள் 2006-இல் பாக்ட் பதிப்பகத்தின் திறந்த மூல உள்ளடக்க மேலாண்மை விருதைப் பெற்றனர். அவர்களுக்கு எதிரே இருந்தது வேறொரு கடினமான வேலை. மாம்போவிலிருந்து வந்த நிரல் பழையது. அதை அடியோடு திருத்தி எழுத வேண்டியிருந்தது. 2008 ஜனவரியில் வெளியான ஜூம்லா 1.5 அந்தத் திருத்தத்தின் விளைவு.

இப்பதிப்பில் தமிழ் வாசகர்கள் கவனிக்க வேண்டிய மாற்றம் ஒன்றுண்டு. மாம்போவும் ஜூம்லா 1.0-உம் ஐ.எஸ்.ஓ. 8859-1 என்னும் மேற்கு ஐரோப்பிய எழுத்துக்குறியீட்டை இயல்பாகக் கொண்டவை. தமிழில் தளம் நடத்த விரும்பியவர் மொழிக்கோப்பைத் திறந்து குறியீட்டை யு.டி.எஃப்.-8 என்று தாமே மாற்ற வேண்டும். பக்கத்தில் தமிழ் சரியாகத் தெரியும். ஆனால் அடியில் இருக்கும் தரவுத்தளம் அதை இன்னும் ஐரோப்பிய எழுத்தாகவே எண்ணிக்கொண்டிருக்கும். யு.டி.எஃப்.-8-இல் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு மூன்று பைட்டுகள்; தரவுத்தளத்தின் கணக்கில் அவை மூன்று இலத்தீன் எழுத்துகள். போடும்போதும் எடுக்கும்போதும் இருபுறமும் ஒரே தவறு நிகழ்வதால் வெளியே எதுவும் தெரியாது.

ஜூம்லா 1.5 யு.டி.எஃப்.-8-ஐ முழுமையாக ஏற்றது. தமிழுக்கு இது பெரும் நன்மை. ஆனால் பழைய தரவை அப்படியே புதிய அமைப்பில் ஏற்றினால், மறைந்திருந்த தவறு வெளியே வந்துவிடும். 'தமிழ்' என்ற சொல் இருந்த இடத்தில் மேற்புள்ளியும் வளைவும் கொண்ட ஐரோப்பிய எழுத்துகளின் வரிசை நிற்கும். சரிசெய்ய வழி உண்டு. தரவை இரும எண்ணாக மாற்றி, மீண்டும் யு.டி.எஃப்.-8 என்று அறிவிக்க வேண்டும். இதை அறிந்தவர் கையில் இருந்த தளங்கள் தப்பித்தன. சங்கச் செயலாளரோ தமிழாசிரியரோ ஆர்வத்தால் நடத்திய தளத்துக்கு அத்தகைய கை கிடைப்பது அரிது.

மேலும் 1.0-லிருந்து 1.5-க்குச் செல்வது வழக்கமான மேம்படுத்தல் அன்று. புதிய தளம் ஒன்றை நிறுவி, பழைய உள்ளடக்கத்தை அங்கே குடிபெயர்க்க வேண்டும். பழைய நீட்சிகளைத் தற்காலிகமாக இயக்க ஒரு வசதி தரப்பட்டது. பின்னர் அதுவும் விலக்கப்பட்டது. 2012-இல் வந்த 2.5-க்கு மாறும்போது மறுபடியும் குடிபெயர்ப்பு. அதே ஆண்டு செப்டம்பரில் 3.0. ஐந்து ஆண்டுக்குள் இரண்டு முறை வீடு மாறச் சொன்னால், சிலர் பக்கத்துத் தெருவிலேயே வீடு பார்த்துவிடுவார்கள். அந்த ஆண்டுகளில் வேர்ட்பிரஸ் ஒரே பொத்தானில் புதுப்பிக்கும் வசதியோடு வளர்ந்துகொண்டிருந்தது.

உரிமம் குறித்த பிணக்கும் இடையில் எழுந்தது. ஜூம்லாவுக்கான நீட்சிகளும் ஜி.பி.எல். உரிமத்தில் இருக்க வேண்டும் என்று 2007-இல் திட்டக்குழு அறிவித்தது. 2009-இலிருந்து அதிகாரபூர்வ நீட்சிப் பட்டியலில் அவற்றுக்கு மட்டுமே இடம் என்றானது. மூடிய உரிமத்தில் நீட்சி விற்றவர்கள் கோபமுற்றனர். கொள்கையளவில் குழு செய்தது சரியே. தாங்கள் வெளியேற வாய்ப்பளித்த உரிமத்தைத் தாங்களே தளர்த்த முடியாது.

பின்தங்கிய தளங்கள்

குடிபெயராமல் நின்றவர்களுக்கு என்ன ஆயிற்று என்பதற்கு 2015 டிசம்பர் ஒரு சான்று. வெளியிலிருந்து எவரும் வழங்கியில் தம் கட்டளையை இயக்கக்கூடிய ஒரு கடுமையான ஓட்டை ஜூம்லாவில் கண்டறியப்பட்டது. திருத்தம் வருவதற்கு முன்பே தாக்குதல்கள் தொடங்கிவிட்டன. 1.5 முதல் 3.4.5 வரையிலான பதிப்புகள் அனைத்திலும் அந்த ஓட்டை இருந்தது. டிசம்பர் 14 அன்று 3.4.6 வெளியானது. அத்துடன், ஆதரவு முடிந்துவிட்ட 1.5-க்கும் 2.5-க்கும் தனித் திருத்தக் கோப்புகளையும் குழு வெளியிட்டது. கைவிடப்பட்ட பதிப்பு ஒன்றில் இன்னும் எத்தனையோ தளங்கள் ஓடுகின்றன என்பதை ஏற்றுக்கொள்ளும் செயல் இது. ஊதியமில்லாத குழு ஒன்று தான் செய்யக் கடமைப்படாத வேலையைச் செய்தது.

அதன்பின் போக்கு மாறியது. 3-ஆம் வரிசை 2012 முதல் 2023 ஆகஸ்ட் வரை ஆதரவில் இருந்தது. நான்காம் பதிப்பின் முதல் சோதனை வடிவம் 2017-இல் வந்தும், முழு வடிவம் 2021 ஆகஸ்ட் 17 அன்றுதான் வெளியானது. விலகல் மடல் வெளியான அதே நாள், பதினாறு ஆண்டுகள் கழித்து. 3-லிருந்து 4-க்குத் தளத்தை இருந்த இடத்திலேயே மேம்படுத்த முடிந்தது. இப்போது இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அக்டோபரில் புதிய முதன்மைப் பதிப்பு: 2023-இல் 5, 2025-இல் 6.

ஒழுங்கு வந்தபோது கூட்டம் குறைந்திருந்தது. டபிள்யூ3டெக்ஸ் கணிப்பின்படி, ஒரு காலத்தில் உலக வலைத்தளங்களில் ஏறத்தாழ 3 விழுக்காடு ஜூம்லாவில் இயங்கின. இப்போது 2 விழுக்காட்டுக்கும் கீழ். வேர்ட்பிரஸ் 40 விழுக்காட்டைத் தாண்டிவிட்டது. ட்ரூப்பலும் இதே துன்பத்தைப் பட்டது. 2011-இல் வந்த அதன் ஏழாம் பதிப்பை விட்டு நகர மறுத்தவர்களுக்காக ஆதரவு முடியும் நாள் பலமுறை தள்ளிவைக்கப்பட்டு, 2025 ஜனவரி 5 அன்றுதான் நிறுத்தப்பட்டது.

வென்றுவிட்டதாகக் கருதப்படும் வேர்ட்பிரஸிலும் பழைய கேள்வி திரும்பி வந்திருக்கிறது. 2024 செப்டம்பரில் அதன் இணை நிறுவனர் மேட் முல்லன்வெக்குக்கும் டபிள்யூபி எஞ்சின் என்னும் வழங்கி நிறுவனத்துக்கும் வணிகக்குறி தொடர்பாகப் பூசல் மூண்டது. நீட்சிகளும் புதுப்பிப்புகளும் கிடைக்கும் மையத் தளத்தை அணுக முடியாதபடி அந்நிறுவனம் தடுக்கப்பட்டது. அணுகலைத் திருப்பித் தருமாறு டிசம்பரில் அமெரிக்க நீதிமன்றம் ஒன்று இடைக்கால ஆணை பிறப்பித்தது. வேர்ட்பிரஸும் ஜி.பி.எல். உரிமத்தில் உள்ள மென்பொருள்தான். அதன் நிரலை எவரும் இன்றே எடுத்துச் சென்று வேறு பெயரில் வெளியிடலாம். ஆனால் 2005-இல் மாம்போவின் நீட்சிகளை அவரவர் கோப்பாகப் பதிவிறக்கித் தம் தளத்தில் ஏற்றிக்கொண்டனர். இன்றைய வேர்ட்பிரஸ் தளமோ புதுப்பிப்பு இருக்கிறதா என்று தானாகவே அந்த ஒரே மையத் தளத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. அந்த முகவரி உரிமத்தில் அடங்காது.