கணினியில் சிதறிக் கிடக்கும் ஆடியோ கோப்புகளைத் தானாக ஃபோல்டர் பிரிப்பது எப்படி?

பள்ளிவாசலில் ஒருவர் பென்டிரைவில் கொடுத்த கிராஅத், வாட்ஸ்அப் குழுமத்தில் வந்த பயான், பிள்ளைகளுக்காகத் தரவிறக்கம் செய்த துஆக்கள், நாகூர் ஈ.எம்.ஹனிபாவின் பாடல்கள், கேசட்டிலிருந்து மாற்றி வைத்த பழைய பதிவுகள் என எல்லாமே நம் வீட்டுக் கணினியில் 'டவுன்லோட்ஸ்' ஃபோல்டரில் ஒன்றாகக் கிடக்கும். ரமளானில் ஒரு ஸூராவைத் தேடினால் 'டிராக் 01' என்ற பெயரில் இருபது கோப்புகள் வந்து நிற்கும். எது யாருடைய குரல் என்று திறந்து கேட்டால்தான் தெரியும்.

இதைக் கையால் பிரிக்க வாரக்கணக்கில் ஆகும். இலவச மென்பொருள்கள் சில நிமிடங்களில் பிரித்துத் தந்துவிடும். ஆனால் ஒன்றை முதலிலேயே புரிந்துகொள்ள வேண்டும். கணினிக்குக் குரல் தெரியாது. கோப்புக்குள் எழுதப்பட்டிருக்கும் விவரத்தை வைத்துத்தான் அது பிரிக்கும்.

கோப்புக்குள் இருக்கும் 'டேக்'

எம்பி3 கோப்பின் உள்ளேயே தலைப்பு, ஓதியவர் அல்லது பாடியவர், தொகுப்பு, வரிசை எண், ஆண்டு ஆகியவற்றை எழுத இடம் உண்டு. இதற்கு 'ஐடி3 டேக்' என்று பெயர். 1996-ல் வந்த முதல் வடிவத்தில் இதற்கு 128 பைட் மட்டுமே இடம். தலைப்புக்கு 30 எழுத்துகள்தான், அதுவும் ஆங்கில எழுத்துகளை மனதில் வைத்து அமைத்தது. 1998-ல் வந்த இரண்டாம் வடிவத்தில்தான் நீளமான பெயர்களையும் யூனிகோடில் தமிழ், அரபு எழுத்துகளையும் எழுத வழி பிறந்தது. பழைய கோப்புகளில் தமிழ்ப் பெயர் கிறுக்கலாகத் தெரிவதற்குப் பெரும்பாலும் எழுத்துக் குறியாக்கச் சிக்கலே காரணம். கோப்பு கெட்டுவிடவில்லை. டேக்கைத் திருத்தி எழுதினால் போதும்.

தொடங்கும் முன் ஒரு நகல்

எல்லாக் கோப்புகளையும் பென்டிரைவிலோ வேறு ஹார்ட் டிஸ்கிலோ நகல் எடுத்துத் தனியே வைத்துவிடுங்கள். 128 கேபிபிஎஸ் தரத்தில் உள்ள எம்பி3 நிமிடத்துக்குச் சுமார் 1 எம்பி இடம் பிடிக்கும். 32 ஜிபி பென்டிரைவில் 500 மணி நேரத்துக்கு மேல் அடங்கிவிடும். அதன் பிறகு பத்துக் கோப்புகளில் மட்டும் சோதித்துப் பாருங்கள். ஆயிரம் கோப்புகளை ஒரே சொடுக்கில் நகர்த்திவிட்டு, பிறகு தேடி அலைய வேண்டாம்.

எம்பி3டேக் மென்பொருள்

விண்டோஸில் இலவசமாகக் கிடைக்கும் 'எம்பி3டேக்' இந்த வேலைக்குப் பொருத்தமானது.

1. கோப்புகள் உள்ள ஃபோல்டரை மென்பொருளில் திறக்கவும். 'ஆப்ஷன்ஸ்' பகுதிக்குச் சென்று, டேக் எழுதும் முறை 'ஐடி3வி2.3 யூடிஎஃப்-16' என்று இருக்கிறதா எனப் பார்க்கவும். தமிழ் சரியாகப் பதிய இது தேவை.

2. ஒரே காரியின் கோப்புகளை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து, இடப்புறப் பெட்டிகளில் 'ஆர்டிஸ்ட்', 'ஆல்பம்' இரண்டையும் நிரப்பிச் சேமிக்கவும். ஒருமுறை எழுதினால் எல்லாக் கோப்புகளிலும் பதிந்துவிடும்.

3. கோப்பின் பெயரிலேயே எண்ணும் தலைப்பும் இருந்தால் அவற்றைத் தட்டச்சு செய்ய வேண்டியதில்லை. 'கன்வெர்ட்' மெனுவில் 'ஃபைல்நேம் – டேக்' என்பதைத் தேர்ந்தெடுத்தால், பெயரில் உள்ளதை டேக்கில் நிரப்பித் தரும்.

4. கடைசியாக அதே மெனுவில் 'டேக் – ஃபைல்நேம்'. அங்கே இந்த வாய்பாட்டைக் கொடுக்கவும் (தமிழில் உள்ள சொற்களை ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்யவும்):

டி:\ஆடியோ\%ஆர்டிஸ்ட்%\%ஆல்பம்%\$நம்(%டிராக்%,3) - %டைட்டில்%

சாய்கோடு வரும் இடமெல்லாம் ஒரு ஃபோல்டர் உருவாகும். 'பிரிவியூ' பொத்தானில் முடிவை முன்கூட்டியே பார்த்துவிட்டு 'ஓகே' கொடுங்கள். காரியின் பெயரில் ஒரு ஃபோல்டர், அதற்குள் தொகுப்பு, அதற்குள் வரிசை எண்ணுடன் கோப்புகள் என அடுக்கி முடித்திருக்கும்.

மூன்று இலக்க எண் ஏன்?

வாய்பாட்டில் உள்ள 3 என்பது 1-ஐ 001 என்று மாற்றுவதற்காக. பல சாதாரணக் கருவிகள் பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிடுவதால் 1, 10, 100, 101 என்று போய்விட்டுப் பிறகுதான் 2-க்கு வரும். 114 ஸூராக்களை 001 முதல் 114 வரை எண்ணிட்டால் அல்ஃபாத்திஹாவுக்குப் பின் அல்பகரா சரியாக வரும். சில கார் பிளேயர்களுக்குத் தமிழ் எழுத்து தெரியாது, கட்டம் கட்டமாகக் காட்டும். காருக்கான பென்டிரைவில் மட்டும் பெயர்களை ஆங்கில எழுத்தில் வைத்துக்கொள்ளலாம்.

ஒரு பெயருக்கு ஒரே எழுத்து

நாம் அதிகம் சறுக்கும் இடம் இதுதான். 'ஹனிபா', 'ஹனீபா', 'ஹனீஃபா' மூன்றும் நமக்கு ஒருவர். கணினிக்கு மூன்று பேர், ஆகவே மூன்று ஃபோல்டர்கள். அரபுப் பெயர்களைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஆளுக்கொரு விதமாக எழுதுவதால் அஸ்ஸுதைஸ், அல்அஃபாஸி போன்ற பெயர்களுக்கும் இதே நிலை. முதலில் ஒரு தாளில் பெயர்ப்பட்டியல் எழுதி, அந்த எழுத்தையே எல்லா இடத்திலும் பயன்படுத்துங்கள்.

'ஆல்பம்' பெட்டியையும் காலியாக விடாதீர்கள். எகிப்தின் மஹ்மூத் கலீல் அல்ஹுஸரி சீராக ஓதிய முரத்தல் பதிவும் நீட்டி ஓதிய முஜவ்வத் பதிவும் உண்டு. ஆல்பம் பெயர் இல்லையென்றால் இரண்டும் ஒரே ஃபோல்டரில் கலந்துவிடும். பெயர்களில் கேள்விக்குறி, முக்காற்புள்ளி, சாய்கோடு ஆகியவற்றைத் தவிர்க்கவும். விண்டோஸ் இவற்றைக் கோப்புப் பெயரில் ஏற்பதில்லை.

தானே கண்டுபிடிக்கும் பிக்கார்ட்

'மியூசிக்பிரைன்ஸ் பிக்கார்ட்' என்ற மற்றொரு இலவச மென்பொருள் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும். இது ஒலியிலிருந்து கைரேகை போன்ற ஓர் அடையாளத்தை எடுத்து, இணையத்தில் உள்ள தரவுத்தளத்துடன் ஒப்பிட்டு டேக்கைத் தானே நிரப்பும். அமைப்புகளில் அனுமதி கொடுத்தால் கோப்புகளை நகர்த்தியும் வைக்கும். அந்தத் தரவுத்தளத்தில் பதிவான வெளியீடுகளுக்கு இது நன்கு உதவும். உங்கள் ஊர்ப் பள்ளியில் பதிவு செய்த பயானை இதனால் அடையாளம் காண முடியாது. தவறான பெயரைப் பொருத்தவும் கூடும் என்பதால் சேமிக்கும் முன் சரிபாருங்கள்.

வீட்டுக் குரல்களை முதலில் எழுதுங்கள்

கடையில் வாங்கிய தொகுப்பு தொலைந்தால் மறுபடி கிடைக்கும். வாப்பாவின் வாப்பா பேசிய கேசட், திருமண மஜ்லிஸில் ஓதிய துஆ, வெளிநாட்டிலிருந்து குரலில் அனுப்பிய கடிதம் ஆகியவை உலகத்தில் ஒரே பிரதிதான். அவற்றில் பேசுவது யார், எந்த வருடம், எந்த வீடு என்பது எந்தத் தரவுத்தளத்திலும் இல்லை. உம்மம்மாவுக்கோ பெரிய வாப்பாவுக்கோ மட்டுமே தெரிந்திருக்கும்.

ஆகவே வேலையை இங்கிருந்து தொடங்குங்கள். ஒரு வெள்ளிக்கிழமை மாலை பெரியவர்களை அருகில் உட்கார வைத்து, ஒவ்வொரு பதிவையும் கொஞ்சம் ஓடவிட்டு, அவர்கள் சொல்லச் சொல்ல டேக்கில் எழுதிக்கொள்ளுங்கள். பெயர், ஊர், ஆண்டு, உறவுமுறை அனைத்தையும் 'கமென்ட்' பெட்டியில் சேர்க்கலாம். ஃபோல்டர் பிரிக்கும் வேலையைக் கணினி எப்போது வேண்டுமானாலும் செய்யும். குரலுக்குப் பெயர் சொல்லக்கூடியவர்கள் நம்முடன் இருக்கும்போதே அதைக் கேட்டு எழுதிவிட வேண்டும்.