பொருளியலும் மாணவர் உடல்நலமும்

நாட்டின் செல்வத்தைக் கணக்கிடுவோர், அந்நாட்டு மாணவர் வேளைக்கு உண்கின்றனரா, நன்கு உறங்குகின்றனரா என்றும் பார்த்தல் வேண்டும். இன்று இயல்பாகத் தோன்றும் இவ்வெண்ணம் எளிதில் பிறந்ததன்று. அது வளர்ந்த வரலாற்றில் பம்பாய் நகருக்குத் தனியிடம் உண்டு.

பம்பாய்ப் பல்கலைக்கழகம் 1857-இல் நிறுவப்பெற்றது. 1859-இல் நடந்த முதல் மெட்ரிகுலேஷன் தேர்வில் தேறியோர் 21 பேர். அவருள் ஒருவரான மகாதேவ கோவிந்த ரானடே, அளவுமீறிய படிப்பினால் மாணவப் பருவத்திலேயே கண்நோயுற்று வருந்தினார்.

அக்காலக் கல்லூரிகளில் கற்பிக்கப்பட்ட பொருளியல் இங்கிலாந்தில் பிறந்தது. சந்தையின் போக்கு இயற்கை விதி போன்றது. அதில் அரசு குறுக்கிடலாகாது என்பதே அதன் சாரம். அதனை உணவுக் கணக்கால் அசைத்தவர் தாதாபாய் நௌரோஜி. எல்பின்ஸ்டன் கல்லூரியில் கணிதப் பேராசிரியராயிருந்த அப்பெரியார், இந்திய வறுமை பற்றி 1876-இல் பம்பாயில் ஆய்வுரை படித்தார். இந்தியர் ஒருவரின் சராசரி ஆண்டு வருமானம் 20 ரூபாய். சிறைக்கைதி பெறும் உணவுக்கும் உடைக்குமே 34 ரூபாய் வேண்டும் என்பது அவர் கணக்கு. குற்றமற்ற குடிமகனுக்குக் கைதியின் சோறும் கிட்டவில்லை என்பதே அதன் பொருள்.

1892-இல் புனாவில் ஆற்றிய உரையில் ரானடே, பொருளியல் விதிகள் எல்லா நாட்டிற்கும் எல்லாக் காலத்திற்கும் பொதுவாகா என்று வாதிட்டார். அப்பத்தாண்டிலேயே, பம்பாய்ப் பல்கலைக்கழகத்து இந்துப் பட்டதாரிகள் பலர் இளமையில் மாண்டுபோவதன் காரணத்தையும் அவர் ஆராய்ந்தார். ஏட்டுக் கொள்கையை விடுத்து மக்களின் நிலையை நோக்கிய கண்ணே மாணவரின் உடலையும் நோக்கிற்று. இதனை நாம் கருதுதல் தகும்.

1896-இல் பம்பாயைக் கொள்ளைநோய் தாக்கியது. நெருக்கமான குடியிருப்புகளே நோய்க்கு இடந்தருவன என்று கருதி, 1898-இல் நகர மேம்பாட்டு டிரஸ்ட் அமைக்கப்பட்டது. காற்றும் வெளிச்சமும் கருதி அது வகுத்த பகுதிகளுள் ஒன்றே மாட்டுங்கா. அங்கே தென்னாட்டவர் குடியேறினர். 1932-இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் தோன்றியது. 1937-இல் ரூயா கல்லூரி எழுந்தது. 1942-இல் இராம நாயக்கின் உடுப்பி போர்டிங் இலையிட்டுச் சோறு படைத்தது. கல்விச்சாலையும் உணவுச்சாலையும் அருகருகே வளர்ந்தன.

1944-இல் தொழிலதிபர்கள் வகுத்த பம்பாய்த் திட்டம் இன்னும் ஒரு படி சென்றது. ஒருவருக்கு நாளொன்றுக்கு 2,800 கலோரி உணவு, ஆண்டிற்கு 30 கஜம் துணி, 100 சதுர அடி வீட்டிடம் என்று அது குறைந்த அளவை வரையறுத்தது. உணவும் இருப்பிடமும் நாட்டுத் திட்டத்தின் இலக்குகளாயின.

எனினும், முதலாண்டு மாணவரின் இடர் இன்னும் தீரவில்லை. வீட்டுச் சமையலை விட்டு வருபவர், கட்டணமும் வாடகையும் போக மிஞ்சியதில் உண்கிறார். தேநீரும் வடாபாவும் உணவாகின்றன, உறக்கம் குறைகிறது, தனிமை மனத்தை வாட்டுகிறது. தாராவியிலோ செம்பூரிலோ காற்றோட்டமில்லாத சிற்றறையில் பலர் சேர்ந்து தங்குங்கால் காசநோய் எளிதில் பற்றுகிறது. ஊட்டமற்ற உடல் அதனை எதிர்க்கும் வலிமையை இழக்கிறது.

பிறமாநிலங்களில் வாழும் தமிழ்ப் பெற்றோர் பலர், பிள்ளைகளின் கல்விச் செலவை எழுதும்போது உணவைக் கடைசி வரியில் எழுதுகின்றனர். நௌரோஜி கணக்கைச் சோற்றிலிருந்தே தொடங்கினார். நாமும் அவ்வாறே தொடங்குதல் நன்று.